பூச்சியம் வேறு

ஒலுவிலில் மின்சாரம் இரண்டு தடவை போய் வந்த இரவில்
நானூற்றுப் பன்னிரண்டாம் சட்டகத்தைத் திறந்தேன்.
மழைமேகம் என்று பெயர் வைத்த செய்மதி
அறுபத்தாறு ஓகஸ்ட் நடுச்சாமத்தில்
எங்களுக்கு மேலால் போயிருக்கிறது.
யாரும் அண்ணாந்திருக்க மாட்டார்கள்,
சூடு மிதித்த களைப்பு.

படச்சுருள் அரைநூற்றாண்டு
வேறொரு நாட்டின் கிடங்கில் தகரப் பெட்டிக்குள் கிடந்தது.
மூடியைத் திறந்ததும் வினாகிரி மணத்ததாம்.
எனக்கு வந்தது மணமில்லாத கோப்பு,
கூடவே ஒரு கீறல்
இலங்கையின் தோளிலிருந்து இடுப்புவரை.

சாம்பல் நிறத்தை வெப்பமாக மாற்றுவது என் வேலை.
கறுப்பு என்றால் சூடு. வெளுக்க வெளுக்கக் குளிர், முகில்.
கரையைவிடக் கடல் கறுப்பு.
ஒரு புள்ளிக்கு எட்டுக் கிலோமீற்றர்.
அந்த ஒரே புள்ளிக்குள்
ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனையில் பாதி,
களியோடை ஆறு, அறுத்து முடிந்த வயல்,
படுத்திருந்த அத்தனை பேரின் மூச்சு,
அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு மாட்டின் வயிறு
எல்லாம் சேர்ந்து
இருநூற்றுத் தொண்ணூற்றேழு கெல்வின்.

சந்தோசமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

முதல் வாரம் கணினி, கடல் கொதிக்கிறது என்றது.
'இல்லை' என்பதற்கு அந்தக் காலத்தவர்கள்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதியிருக்கிறார்கள்.
நான் அதையும் கூட்டிச் சராசரி எடுத்திருந்தேன்.
ஜெசீம் விழுந்து விழுந்து சிரித்தான்:
"மீன ஆக்கத் தேவல்ல, அவிஞ்சே வரும்."

வானத்தின் பழைய கணக்கை
நிலத்தின் கணக்கோடு இன்றுவரை தைக்க வேண்டும்.
மட்டக்களப்பிலிருந்து சதானந்தி
மழைமானிப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்புகிறாள்.
அறுபத்தாறு: பச்சை மை, முத்து முத்தான எழுத்து.
எழுபத்தெட்டு நவம்பர், சூறாவளிக்கு மறுநாள்
'மானியைக் காணவில்லை' என்று ஒரே ஒரு வரி.
தொண்ணூறு ஜூன்: வெள்ளை.
ஜூலை.
ஓகஸ்ட்.

வெற்றுக் கட்டத்தைக் கண்டால்
மென்பொருள் தானாகவே பூச்சியம் போட்டுக்கொள்ளும்.
பூச்சியம் என்றால்
ஒருவர் காலை எட்டரைக்கு வந்தார்,
புனலைத் தூக்கினார், போத்தலைச் சரித்தார்,
ஒரு துளியும் இல்லை,
அதை எழுதிக் கையெழுத்து வைத்தார்.
வெற்று என்றால்
அவர் வரவில்லை.

மேற்பார்வையாளரின் கடிதம் சொல்கிறது:
இடைவெளிகளை அயல் நிலையங்களின் சராசரியால் நிரப்பவும்.
அயலைத் தேடினேன்.
கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை.
அதே கிழமைகள், அதே வெள்ளை.
சதானந்தியிடம் கேட்டேன்.
'எழுதுகிறார்' என்று நெடுநேரம் காட்டிய தொலைபேசியில்
வந்தது இவ்வளவுதான்:
"எங்கட பக்கமும் அப்பிடித்தான்."
இரண்டு பேரும் அதற்கு மேல் போகவில்லை.

அந்தப் பருவத்தில் இங்கு மழை அரிது.
பூச்சியம் என்றே விட்டிருந்தால்
எண் அநேகமாகச் சரியாகவே இருந்திருக்கும்.

ஆனாலும் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
தொண்ணூற்றிரண்டு நாட்கள்.
தொண்ணூற்றிரண்டு தடவை
என்னை ஏமாற்றிய அதே எண்ணை அடித்தேன்,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
விரல் நுனியில் அது ஒரு பழக்கமாகிவிட்டது,
அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு பெட்டி காரணம் கேட்டது.
கருவி பழுது. மை அழிவு. பிற.
மூன்றில் ஒன்றைத்தான் தெரியலாம்.

'பிற'வின் மேல் அம்புக்குறியை நிறுத்தியபடி இருந்தேன்.
மூன்றாவது தடவையாக
மின்சாரம் போனது.